பெதூயின் வீட்டில் தங்கினால் அரபி பேச வருமா?

கேள்வி: ஒரு வருடம் புத்தக அரபி படித்தேன். ஜோர்டானின் வாதி ரம் பாலைவனத்தில் பெதூயின் (பாலைவனத்தில் நாடோடிகளாக வாழ்ந்து வந்த அரபு மக்கள்) குடும்பத்தோடு ஒரு மாதம் தங்கினால் பேச்சு கைவருமா?

வரும். ஆனால் முதல் வாரம், படித்ததெல்லாம் எங்கே போனது என்றிருக்கும். செந்தமிழில் மட்டும் தமிழ் கற்றவர் மதுரைச் சந்தையில் நிற்பது போலத்தான்.

காபியையே எடுங்கள். புத்தகத்தில் அது 'கஹ்வா'. முதல் எழுத்து அடித்தொண்டையிலிருந்து வரும். கெய்ரோவில் அதையே விழுங்கிவிட்டு 'அஹ்வா' என்பார்கள். பெதூயின்களோ 'காந்தி'யின் க போல அழுத்திச் சொல்வார்கள். சவூதியிலும் வளைகுடாவிலும் பரவலாக இதே ஒலிதான். அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு இது லாபம்.

ஏலக்காய் மணக்கும் அந்தக் காபியைக் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டித் தர வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

தங்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாலைவன முகாம்கள் சுற்றுலாக்காரர்களுக்கானவை. அங்கே உங்கள் அரபியை விட அவர்கள் ஆங்கிலம்தான் வளரும். வாதி ரம் கிராமத்திலேயே வீடு கேளுங்கள். குழந்தைகளிடம் ஒவ்வொரு பொருளையும் காட்டி "எய்ஷ் ஹாதா?" (இது என்ன?) என்று கேளுங்கள். சலிக்காமல் சொல்வார்கள், தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம், ஆண் விருந்தாளிகள் பெரும்பாலும் ஆண்கள் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கும். பெண்களுக்கு அடுப்படிப் பேச்சும் சேர்ந்து கிடைக்கும்.