கழுகும் ஏல அறிக்கையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜூனியர் விகடன் கட்டு வந்திறங்கும்வரை என் அப்பா கோத்தகிரிக் கடைவாசலில் நிற்பார். அதில் வரும் ‘மிஸ்டர் கழுகு’ என்ற அரசியல் கிசுகிசுப் பகுதியைப் படித்த பிறகுதான் தேயிலை எடைபோடவே போவார். இன்று அந்த வம்பெல்லாம் முதல் நாளே போனில் இலவசமாக வந்துவிடுகிறது. உள்வட்ட அரசியல் செய்தியை விற்று இனி யாராவது பிழைக்க முடியுமா? அமெரிக்காவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அப்பாவின் பழைய இதழ்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

கே., கோத்தகிரி

அன்புள்ள கே.,

நானும் அந்தப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவன்தான். மலைப்பாதையில் மண் சரிந்தால், சென்னையில் கவிழ்ந்த ஆட்சி நமக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கவிழும்.

குன்னூர் தேயிலை ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டீ குடிப்பவருக்கு ஏல அறிக்கை எதற்கு? ஃபாக்டரிக்காரருக்கோ எந்த ரகம் என்ன விலைக்குப் போனது, எவ்வளவு விற்காமல் நின்றது என்று தெரியாவிட்டால் கை சுடும். வாஷிங்டனிலும் 1945இல் தொடங்கிய காங்கிரஷனல் குவார்ட்டர்லி, 1955இல் வந்த ரோல் கால் எல்லாம் நாடாளுமன்றத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கான பத்திரிகைகள்தான்.

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை விட்டு வந்த ஜான் ஹாரிஸும் ஜிம் வான்டஹையும் 2007இல் பொலிடிகோ என்ற அரசியல் செய்தி நிறுவனத்தைத் தொடங்கி, அந்த உள்வட்டப் பேச்சை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மைக் ஆலன் ‘பிளேபுக்’ என்ற மடலைக் காலைதோறும் மின்னஞ்சலில் அனுப்பினார். அதுவும் இலவசம். அதில் விளம்பரம் கொடுத்தவர்கள் சோப்பு விற்க வந்தவர்கள் அல்ல. சட்டம் இயற்றுபவர்களின் கண்ணில் பட விரும்பியவர்கள். பிறகு வந்தது ‘பொலிடிகோ ப்ரோ’: எரிசக்தி, மருத்துவம் என்று துறைவாரியான செய்தி, ஆண்டுச் சந்தா ஆயிரக்கணக்கான டாலர். வம்பு என்பது வாசலில் ருசி பார்க்கக் கொடுக்கும் டீ, விற்கும் சரக்கு உள்ளே. 2021இல் ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற ஊடக நிறுவனம் பொலிடிகோவை வாங்கச் சுமார் 100 கோடி டாலர் கொடுத்தது அந்தச் சரக்குக்குத்தான் என்பது என் கணிப்பு.

அந்தச் சந்தாவே பிறகு வினையாயிற்று. அரசு அலுவலகங்களும் பணம் கட்டி அதைப் படித்துவந்தன. 2025 பிப்ரவரியில் அதை அரசு ரகசியமாகக் கொடுத்த மானியம் என்று சமூக ஊடகத்தில் கிளப்பிவிட்டார்கள். வெள்ளை மாளிகை சந்தாக்களை ரத்து செய்வதாக அறிவித்தது. கிசுகிசுவை வாசலில் பரப்பியவர்களைக் கிசுகிசுவே வந்து கடித்ததில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்.

நம் ஊர்க் கழுகுக்கு வாசல் மட்டுமே இருந்தது, உள்ளறை இல்லை. அமைச்சர் மாறினாலும் உங்கள் அப்பாவின் தேயிலை விலை மாறியதில்லை. அவர் காசு கொடுத்தது சுவாரசியத்துக்கு. அதை இன்று யூடியூப்பில் மணிக்கணக்காக இலவசமாக அள்ளிக்கொடுக்கிறார்கள். 2023இல் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு இங்கே உண்ணாவிரதம் இருந்தார்களே, அந்தக் கோரிக்கை எந்தத் துறையில், யார் மேசையில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை தமிழில் எழுத ஒருவர் இருந்தால் நான் சந்தா கட்டுவேன். நீங்களும் கட்டுவீர்கள் என்றே நினைக்கிறேன்.

பெட்டிகளை எடைக்குப் போடாதீர்கள். மழை பிடிப்பதற்குள் இதழ்களை வீட்டுக்குள்ளேயே விரித்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தாள் பழுத்துவிடும். ஜூனியர் விகடன் தொடங்கிய 1983ஆம் ஆண்டு இதழ் ஏதாவது கிடைத்தால் முதலில் எனக்கு எழுதுங்கள்.