காஞ்சொறி மண்டிய புல்துண்டு: மருந்தடிக்க முதல் எருத்தண்ணி எங்கே வடிகிறது என்று பாருங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு கறவை மாடு வளர்க்கும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: “லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் புல்துண்டு ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு அதில் இடுப்பளவுக்கு ஒரு செடி மண்டிவிட்டது. விரலை விரித்த மாதிரி இலை. புல் அறுக்கும்போது பட்டால் கை நெருப்பாய் எரிகிறது. போன கிழமை அங்கே மேயவிட்ட மாட்டுக்கு மடி தடித்துப்போய், கறக்க விடாமல் உதைத்தது. மருந்தடித்துக் கொன்றுவிடலாமா?”

மருந்துப் போத்தலைத் தொட வேண்டாம், அக்கா. முதலில் செடியை இனம் காண்போம். நம் ஆட்கள் காஞ்சொறி என்றும் சிங்களத்தில் கஹம்பிலியா என்றும் சொல்வது ஒரே ஒரு செடியை அல்ல, பல செடிகளை. நீங்கள் சொல்வது மலை உயரத்தில் ஈரநிழலில் வளரும் பெரிய காஞ்சொறி. காலை வெயில் சாய்வாக விழும்போது இலைக்காம்பைப் பாருங்கள். வெள்ளை முள்மயிர் கண்ணாடி ஊசி போல மினுங்கும். இதன் தம்பி சிறு காஞ்சொறிக்கு இலை இதய வடிவில் பிளவில்லாமல் இருக்கும். மரக்கறிப் பாத்தியிலும் முளைக்கும், ஒரு பருவத்தோடு மடிந்துவிடும். கொஞ்சம் கீழ்நாட்டுப் பக்கம் போனால் செந்தட்டிக் கொடி. புல்லைச் சுற்றிப் படர்ந்து கட்டோடு கட்டாக வந்துவிடும். ஆமணக்குக் குடும்பம் என்பதால் காய் மூன்று பிளவாக இருக்கும். காட்டோரத்தில் மரமாக நிற்கும் மாவுஸ்ஸாவை மட்டும் நீங்களாக வெட்டப் போகாதீர்கள். அது பட்டால் வலி நாள்கணக்கில் நிற்கும்.

கௌதமாலா புல் அறுத்தாலும் கை அரிக்கும். அது வெறும் சுணை, கழுவினால் அடங்கும். காஞ்சொறி மயிரின் நுனி சிலிக்கா. தொட்டதும் முறிந்து, அடியிலுள்ள பையிலிருந்து ஹிஸ்டமின் போன்ற சாற்றைத் தோலுக்குள் செலுத்துகிறது. அதனால்தான் பட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது என்கிறேன். தேய்த்தால் முறியாத மயிரும் உள்ளே போகும். சும்மா காயவிட்டு, ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தெடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக்கு உடம்பு முழுக்க ரோமம் இருக்கிறது. மடிக்கும் மூக்குக்கும் அந்தக் காவல் இல்லை. காஞ்சொறித் தடிப்பு மேய்ந்த கொஞ்ச நேரத்திலேயே வந்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வற்றும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஆனால் இங்கே ஒருவர் தவறாமல் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. எச்சில் ஒழுகுகிறதா, நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் இருக்கிறதா, காய்ச்சலும் நொண்டலும் உண்டா? அப்படியென்றால் அது கால்-வாய் நோயாக (கோமாரி) இருக்கலாம். மடி ஒரு பக்கம் மட்டும் கல்லாகிச் சூடாக இருந்து பால் திரிந்தால் மடியழற்சி. இரண்டுக்கும் அன்றைக்கே அரச மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காஞ்சொறிதானே என்று இருந்து மாட்டை இழந்தால் அந்த வீட்டின் பால் காசே நின்றுவிடும்.

இனி, செடி ஏன் அங்கே மட்டும் மண்டியது? காஞ்சொறிக்கு எருச்சத்து நிறைந்த ஈர மண் என்றால் உயிர். உங்கள் கொட்டகையிலிருந்து மூத்திரமும் சாணித்தண்ணியும் அந்தத் துண்டுக்குத்தான் வடிகிறதா என்று ஒரு மழை நாளில் நின்று பாருங்கள். வடிந்தால், விலை கொடுத்து வாங்காத உரத்தை நீங்களே காஞ்சொறிக்கு ஊற்றுகிறீர்கள். அந்த வடிகானைத் திருப்பி எருக்குழிக்கு விடுவதுதான் முதல் வேலை. குழிக்கு மேல் கூரை போட்டால் இன்னும் நல்லது.

மருந்து அடித்தால் காஞ்சொறியோடு சுற்றியுள்ள புல்லும் கருகக்கூடும், ஓடைத் தண்ணியிலும் கலக்கும், அந்தப் புல்லை மாட்டுக்குப் போடவும் முடியாது. வெறுமையாய்க் கிடக்கும் மண்ணில் பழைய விதைகள் முந்திக்கொண்டு முளைக்கும். அதனால் கைவேலைதான் சரி. நல்ல மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, காய் பிடிக்க முதலே இறங்குங்கள். தடித்த இறப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ், இடுப்பில் படங்கு. கவ்வாத்துக் கத்தியால் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிச் சாயுங்கள். பிறகு மண் கிளறும் முள்ளைக் குத்தி அடித்தூரை வேரோடு நெம்புங்கள். தூர் மண்ணுக்குள் நின்றால் திரும்பத் துளிர்க்கும். வெட்டியதை வெயிலில் பரப்பி வாடவிடுங்கள், வாடினால் கடுப்புப் பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் வெறுங்கையால் அள்ள வேண்டாம். காய் வந்த செடியை மட்டும் எருக்குழிக்குள் போடாதீர்கள்.

தோண்டிய குழியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. அன்றைக்கே கினிப்புல் தூர்களை நெருக்கமாக நடுங்கள். புல் மண்ணை மூடும்வரை மாட்டை அங்கே கட்டாமல், அறுத்துப் போட்டே வளருங்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். புதுத்துளிர் விரலளவு இருக்கும்போதே பிடுங்கினால் வேலை சுலபம், கையுறையோடுதான். அந்தக் குருத்துக்கும் மயிர் உண்டு.