லா ஸ்காலாவில் எந்த இருக்கையை வாங்குவது?

கேள்வி: மகனைப் பார்க்க இத்தாலி செல்கிறோம். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் ஓபரா என்னும் இசைநாடகம் பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. டிக்கெட் விலையைப் பார்த்தால், பாக்ஸ் எனப்படும் ஒரே சிறு பார்வையறைக்குள்ளேயே இருக்கைக்கு இருக்கை பெரிய வேறுபாடு இருக்கிறது. மலிவானதை வாங்கினால் போதுமா? இத்தாலிய மொழி தெரியாத எங்களுக்கு ஓபரா புரியுமா?

பதில்: பாக்ஸின் பின்வரிசையை மட்டும் வாங்காதீர்கள். அங்கிருந்து பாட்டு கேட்கும், மேடை தெரியாது. எழுந்து நின்று, முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தால் மேடையில் ஒரு துண்டு தெரியலாம். மூன்று மணி நேரம் அப்படி நிற்பது உங்கள் கணவரின் ஆசைக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இது அரங்கத்தைக் கட்டியவர்களின் கவனக்குறைவு அல்ல. கட்டப்பட்ட காரணமே வேறு. 1776 பிப்ரவரியில் மிலானின் பழைய அரங்கம் தீயில் அழிந்தது. நகரம் அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. பழைய அரங்கில் சொந்தமாக பாக்ஸ் வைத்திருந்த செல்வந்தர்கள், புதிய அரங்கு வேண்டும் என்று ஆளுநராக இருந்த இளவரசர் பெர்டினாண்டிடம் முறையிட்டார்கள். செலவையும் அவர்களே ஏற்றார்கள். பேரரசி மரியா தெரேசாவின் ஒப்புதலோடு, சாந்தா மரியா அல்லா ஸ்காலா என்ற தேவாலயம் இருந்த இடத்தில் அரங்கு எழுந்தது. பெயரும் அதிலிருந்தே வந்தது. வடிவமைத்தவர் ஜூசெப்பே பியெர்மரீனி. 1778 ஆகஸ்ட் 3 அன்று இசையமைப்பாளர் சாலியேரியின் ஓபராவுடன் திறப்பு விழா நடந்தது.

பணம் போட்டவர்களுக்கு பாக்ஸ் என்பது சொந்த வீட்டின் வரவேற்பறை. அங்கே விருந்தினரை உபசரித்தார்கள், சாப்பிட்டார்கள், வம்பு பேசினார்கள். வெளிக்கூடத்தில் சூதாட்டமும் நடந்தது. குதிரை லாட வடிவ அரங்கில் பக்கவாட்டு பாக்ஸ்கள் மேடையைவிட ஒன்றையொன்றுதான் நேராகப் பார்க்கின்றன. எதிர் பாக்ஸுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பது அன்றைய மிலானுக்கு மேடையில் நடப்பதைவிடச் சற்றும் குறைந்த செய்தி அல்ல. அறைகளுக்கு இடையே சுவர், பின்னால் கதவு, உள்ளே ஆழமான இருட்டு. அந்த ஆழத்தில் உட்கார்ந்தவர் மேடையைப் பார்க்க வந்தவரே அல்லர். இன்று அதே அறைக்குள் தனித்தனியாக டிக்கெட் விற்கிறார்கள். உங்களைக் குழப்பிய விலை வேறுபாட்டின் வேர் இதுதான்.

ஆகவே இருக்கை வரைபடத்தைத் திறந்து, அரங்கின் நடுப்பகுதியை ஒட்டிய பாக்ஸ்களில் கைப்பிடிச் சுவரை ஒட்டிய முன்வரிசை கிடைக்கிறதா என்று பாருங்கள். மேடைக்கு மிக அருகில் உள்ள பாக்ஸின் முன்வரிசையில் மேடையின் ஒரு பக்கம் மறையும். அதற்கு ஈடாக இசைக்குழுவும் நடத்துநரின் கைகளும் கண்முன்னே இருக்கும். இசையை நேசிப்பவருக்கு அதுவும் நல்ல பேரம்தான். தரைத்தள இருக்கைகள் வசதியானவை, விலையும் அதிகம்.

நான்கு அடுக்கு பாக்ஸ்களுக்கு மேலே இரண்டு மாடங்கள் உண்டு. லொஜோனே என்று அழைப்பார்கள். மலிவான டிக்கெட் தேவையென்றால் பின்வரிசை பாக்ஸுக்குப் பதிலாக அங்கே நடுப்பகுதியின் முன்வரிசையைத் தேடுங்கள். குரல் அருமையாக ஏறிவரும். ஓபராவைக் கரைத்துக் குடித்த ரசிகர்கள் காலங்காலமாக உட்காரும் இடம் அது. அவர்கள் கைதட்டினால் பாடகருக்கு வாழ்வு, கூச்சலிட்டால் தாங்காது. 2006 டிசம்பரில் 'அயீடா' ஓபரா நடக்கும்போது அங்கிருந்து எழுந்த எதிர்ப்பொலியைக் கேட்டு முதன்மைப் பாடகர் ராபர்ட்டோ அலான்யா மேடையைவிட்டே போய்விட்டார். மாற்றுப் பாடகர் அன்றாட உடையிலேயே ஓடிவந்து பாட்டைத் தொடர்ந்தார். ஆனால் படிகள் அதிகம். முழங்கால் வலி இருந்தால் மாடம் வேண்டாம்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். இருக்கைகளின் முன்னே உள்ள சிறு திரையில் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடும். கதைச் சுருக்கத்தை முந்தைய நாள் ஒருமுறை படித்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். உடையில் பகட்டு தேவையில்லை. அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் கூடாது. புடவையும் வேட்டி சட்டையும் தாராளமாக ஏற்றவை.

வெளியிலிருந்து பார்க்கும்போது 'இவ்வளவுதானா?' என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். எதிரே உள்ள சதுக்கம் 1858இல் வீடுகளை இடித்துத் திறந்தது. பியெர்மரீனி காலத்தில் அங்கே இருந்தது குறுகலான தெரு. முகப்பை எட்ட நின்று பார்க்க இடமே இல்லை. எனவே வண்டியில் வருவோர் நனையாமல் இறங்க முன்மண்டபம் ஒன்றை அமைத்து, மீதிப் பகட்டையெல்லாம் அரங்கின் உள்ளே வைத்தார்.

உள்ளே மின்னும் அரங்கம் 1778இல் இருந்தபடியே நிற்பதாகவும் எண்ணிவிடாதீர்கள். 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் கூரை இடிந்து அரங்கு சிதைந்தது. மிலான் மக்கள் அதைப் பழைய வடிவிலேயே மீட்டார்கள். பாசிச ஆட்சியோடு மோதி நாட்டைவிட்டுச் சென்றிருந்த இசைக்குழு நடத்துநர் டொஸ்கனினி திரும்பி வந்து, 1946 மே 11 அன்று மறுதிறப்புக் கச்சேரியை நடத்தினார். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீடிழந்தவர்கள் நிறைந்த ஊர் முதலில் எழுப்பியவற்றுள் ஓர் இசையரங்கும் இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. பிறகு 2002 முதல் 2004 வரை மீண்டும் பெரிய பணி நடந்தது. தரையை மரத்தால் அமைத்து ஒலியைத் தெளிவாக்கினார்கள். மேடைக்கருகே கூரைக்கு மேல் தெரியும் நீள்வட்டக் கோபுரம் அப்போது கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்தது.

டிக்கெட்டே கிடைக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அரங்கை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்தால், ஒத்திகை நடக்காத நேரத்தில் ஒரு பாக்ஸுக்குள் நின்று முழு அரங்கையும் பார்க்க விடுவார்கள். அன்று ஒத்திகை உண்டா என்று கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். டிசம்பர் 7 நகரின் காவல் புனிதரான அம்புரோஸ் திருநாள். ஓபரா பருவத்தின் முதல் நிகழ்ச்சி அன்றுதான் மேடையேறும், விலையும் உச்சத்தில் இருக்கும். உங்கள் பயணம் அந்த வாரத்தில் விழுந்தால் சில நாள் பொறுத்து, பிந்தைய காட்சிக்கு முயலுங்கள்.