பேஸ்பாலில் 'பிட்ச் கிளாக்' என்றால் என்ன? 2023 சீசனில் ஆட்டங்கள் ஏன் சீக்கிரம் முடிந்தன?

அடுத்த பந்தை வீசத் தொடங்க எத்தனை நொடி மிச்சம் என்று காட்டும் கடிகாரம்தான் பிட்ச் கிளாக். சிக்னலில் இறங்குமுகமாக ஓடும் எண்களைப் போல. அமெரிக்க மேஜர் லீக்கில் 2023இல் வந்தது: பேஸ்களில் (ஓட்டக்காரர்கள் நிற்கும் மூலைகளில்) ஆள் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் 20 (மறு ஆண்டு 18). எறிபவர் பிந்தினால் 'பால்', அதாவது மட்டையாளருக்குச் சாதகமாக ஒரு எண்ணிக்கை. 8 நொடி மீதமிருக்கும்போது மட்டையாளர் தயாராக இல்லையென்றால் 'ஸ்ட்ரைக்', அதாவது அவருக்குப் பாதகமாக ஒரு எண்ணிக்கை.

கையுறையை அவிழ்த்து இறுக்குவது, எறிபவர் தான் நிற்கும் மேட்டைச் சுற்றி நடப்பது என வீணான நேரம்தான் ஆட்டத்தை 3 மணிக்கு மேல் இழுத்தது. அந்த ஆண்டு சராசரியாகச் சுமார் 24 நிமிடம் மிச்சம்.

எனக்குச் சுவையாகப் பட்டது பக்கவிளைவுதான். கடிகாரத்தை நிறுத்த எறிபவர் ஓயாமல் பேஸுக்குப் பந்தை எறியக்கூடாதே! ஒரு மட்டையாளருக்கு இரண்டு முறைதான். மூன்றாவதில் ஓட்டக்காரர் அவுட்டாகாவிட்டால் அவருக்கு அடுத்த பேஸ் இலவசம். பேஸ்களும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆயின. பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) ஒரே ஆண்டில் 2,486இலிருந்து 3,503 ஆனது.

ஆட்டத்துக்கே நேர வரம்பு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, 9 இன்னிங்ஸ் முடிவில் சமநிலை என்றால் இன்றும் கூடுதல் இன்னிங்ஸ்தான்.