கல்லறைக் கல்லில் எந்தப் பெயர்?

கேள்வி: அமெரிக்க காமிக்ஸில் முதல் திருநங்கைப் பாத்திரம் யார்? ஒரு பட்டியல் 1991 என்கிறது, ஒன்று 1993, இன்னொன்று 2013. எதை நம்புவது? (திருச்சி வாசகர்)

பதில்: மூன்றையும் நம்பலாம். ஒவ்வொரு பட்டியலும் வேறு வேறு ஆளைத் தேடுகிறது, அவ்வளவுதான். ‘சாண்ட்மேன்’ தொடரில் 1991-இல் தொடங்கிய ஒரு கதையில் (இதழ் 32 முதல் 37 வரை) வரும் வாண்டா திருநங்கை. ஆனால் அவளுக்குச் சக்தி ஏதும் கிடையாது; பார்பி என்பவளின் பக்கத்து வீட்டுத் தோழி. சக்தியுள்ள நாயகி வேண்டுமென்றால் 1993-இல் வந்த ‘டூம் பட்ரோல்’ 70-ஆம் இதழ். அதில் அறிமுகமான கேட் காட்வின் திடப்பொருளைக் கரைப்பாள், திரவத்தை உறைய வைப்பாள். ரசவாதிகளின் ‘கரை, உறையவை’ என்ற லத்தீன் வாசகத்திலிருந்துதான் அவளுக்கு கோஆகுலா என்ற பட்டப்பெயர். எழுதிய ரேச்சல் பொல்லாக்கும் திருநங்கை என்பதால், கேட்டின் பேச்சில் விளக்கம் சொல்லும் தொனியே இருக்காது. 2013 என்பது ‘பேட்கேர்ள்’ 19-ஆம் இதழ். பேட்கேர்ளான பார்பராவின் அறைத்தோழி அலீசியா யோ, தான் திருநங்கை என்று நேரடியாகச் சொல்கிறாள். சக்தி இல்லாவிட்டாலும், டிசி பதிப்பகத்தின் முக்கிய வரிசையில், பேட்மேன் குடும்பத்துக்குள்ளேயே அப்படிச் சொன்னதால்தான் அது அவ்வளவு பேசப்பட்டது.

கேள்வி: 1990-க்கு முன்னால் ஏன் அநேகமாக யாருமே இல்லை? (வேலூர்)

பதில்: 1954-இல் பதிப்பாளர்களே கூடி வைத்துக்கொண்ட காமிக்ஸ் கோட் என்ற சுயதணிக்கை விதி முக்கியக் காரணம். ‘பாலியல் பிறழ்வு’ என்று அவர்கள் கருதிய எதையும் காட்டக் கூடாது, குறிப்பாகச் சொல்லவும் கூடாது. அட்டையில் அதன் ஒப்புதல் முத்திரை இல்லையென்றால் கடைக்காரர் வாங்கமாட்டார். அந்த விதி 1989-இல் தளர்ந்தது. மார்வெல் 2001-இலும் டிசி 2011-இலும் வெளியேறின. ‘சாண்ட்மேன்’ முதிர்ந்த வாசகர்களுக்கான வரிசை, முத்திரை வாங்காமலே வந்தது. வாண்டா நுழைந்த வழி அதுதான்.

கேள்வி: வாண்டாவின் முடிவைப் படித்துவிட்டுக் கோபம்தான் வந்தது. அது மரியாதையா, அவமானமா? (மதுரை)

பதில்: இரண்டும் இருக்கிறது. மற்றப் பெண்கள் நிலவின் பாதையில் நடந்து கனவுலகுக்குப் போகிறார்கள். வாண்டாவைப் பெண்ணாகக் கணக்கில் எடுக்காத மந்திரம் அவளை வீட்டிலேயே விட்டுவிடுகிறது. பிறகு புயலில் கட்டடம் இடிந்து இறக்கிறாள். கான்சாஸில் குடும்பத்தார் அவள் முடியை வெட்டி, கோட்டு மாட்டி, கல்லில் அவளது பழைய பெயரான ‘ஆல்வின்’ என்று பொறிக்கிறார்கள். பார்பி உதட்டுச்சாயத்தை எடுத்து அதன்மேல் ‘வாண்டா’ என்று எழுதுகிறாள். திருநங்கை என்றாலே சாகவேண்டுமா என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நிலவின் விதியைக் கதைக்குள் யாரும் உறுதியாக எதிர்க்கவில்லை என்பதும் குறைதான். ஆனால் கடைசி அத்தியாயத்தைச் சொல்வது பார்பி. அவள் வாயில் ஆல்வின் என்ற பெயர் உறவினரைச் சுட்டும்போது மட்டுமே வருகிறது. இப்படிப்பட்ட கதையை எடைபோட முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: யார் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், கதைசொல்லி யார் பக்கம்?

கேள்வி: ஜப்பானியக் காமிக்ஸான மங்காவில் ஆண் உடை போட்ட பெண்கள் ஏராளம். எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? (யாழ்ப்பாணம்)

பதில்: சேர்த்தால் கணக்கு குழம்பும். ஒசாமு தெசுகா 1953-இல் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’யில் இளவரசி சஃபயருக்குப் பிறக்கும்போதே ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று. அரியணைக்காக ஆணாக வளர்கிறாள், ரகசியம் காக்கப்படுகிறது. ரியோகோ இகெதாவின் ‘வெர்சாய் ரோஜா’வில் (1972-73) ஆஸ்கரை மகன்போல வளர்க்கிறார் தளபதி தந்தை, ஆனால் அவள் பெண் என்பது அரண்மனைக்கே தெரியும், மாறுவேடமே இல்லை. ‘ரன்மா’வில் குளிர்ந்த நீர் பட்டால் பெண், வெந்நீர் பட்டால் ஆண், அது சாபம், சிரிப்புக்காக. இவர்கள் பால் எல்லையைத் தளர்த்தியவர்கள். தகாகோ ஷிமுராவின் ‘ஹோரோ முசுகோ’வில் (2002-2013, 15 தொகுதிகள்) வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நிதோரியின் நிலை வேறு. உடை அங்கே வேடமில்லை. தான் யார் என்பதுதான் கதையே.

கேள்வி: நண்பர்களுக்காக ஒரு கதையைத் தமிழாக்குகிறேன். பாத்திரம் பாதிக் கதையில்தான் தன்னைத் திருநங்கை என்கிறாள். அதுவரை ‘அவன்’ போடவா? (கோவை)

பதில்: முதலில் பிரச்சினை எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘நான்’, ‘நீ’ இரண்டிலும் தமிழ் வினை பால் காட்டாது. பேச்சுப் பலூன்களில் பெரும்பகுதி அப்படியே தப்பித்துவிடும். சிக்கல் மூன்று இடங்களில்: கதைசொல்லியின் கட்டம், ஆள் இல்லாதபோது பிறர் பேசுவது, விளிச்சொல்.

கதைசொல்லியின் கட்டத்தில் முதல் பக்கத்திலிருந்தே ‘அவள்’ போடுங்கள். ரகசியம் உடைந்துவிடும் என்றால் பெயரையே திரும்பச் சொல்லுங்கள், அல்லது ‘கதவு திறந்தது’ என்பதுபோல வினையை வேறு பொருளுக்கு மாற்றுங்கள். ‘அவர்’ போட்டால் எளிதாகத் தப்பிக்கலாம் என்று தோன்றும். மற்றவர்கள் எல்லாம் ‘அவள்’, இவள் மட்டும் ‘அவர்’ என்றால் அந்த ஒரு சொல்லே அவளைத் தனியே நிறுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். பிறர் பேச்சில் அந்தந்த ஆளின் மனம் தெரியட்டும்: வாண்டாவின் உறவினர் ‘அவன்’ என்பார், பார்பி ‘அவள்’ என்பாள், வெறுப்பவன் ‘அது’ என்பான். ஏச்சுச் சொல் மூலத்தில் இருந்தால் அதே வாயில் மட்டும் வரட்டும். மூலத்தில் இல்லாத இடத்தில் பழைய சினிமா நகைச்சுவைச் சொற்களை நுழைக்காதீர்கள்.

விளியில் தமிழுக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் இல்லாத ‘டா’, ‘டி’ நமக்கு உண்டு. தோழி ஒருத்தி சாதாரணமாக ‘போடி’ என்றால், அரைப்பக்க விளக்கம் செய்யாததை அது செய்துவிடும். ஜப்பானியத்தில் இதற்கு நேர்மாறு: ‘போகு’, ‘ஒரே’, ‘அதாஷி’ என்று ‘நான்’ என்ற சொல்லிலேயே பால் தெரியும். தமிழ் ‘நான்’ அதைத் தாங்காது. வாக்கியத்தின் மிடுக்கையோ பக்கத்திலிருப்பவர் விளியையோ கொண்டு ஈடுகட்ட வேண்டும்.

கேள்வி: எட்டுப் பக்கக் கதை ஒன்று வரைகிறேன். நாயகி திருநங்கை. கேலிச்சித்திரம் ஆகிவிடுமோ என்று பயம். (நெல்லை)

பதில்: முதல் பக்கத்துக்கு முன்னால் ஒரு மாதிரித் தாள் வரையுங்கள்: முன், பக்கவாட்டு, முக்கால் பார்வை. பக்கத்திலேயே கதையில் வரும் வேறு இரண்டு பெண்களையும் நிறுத்துங்கள். மூவரின் முகத்துக்கும் ஒரே கோட்டுத் தடிமன். அவளுக்கு மட்டும் தாடையில் நிழலும் தொண்டையில் முடிச்சும் விழுந்திருந்தால் கை உங்களை ஏமாற்றிவிட்டது என்று பொருள்.

அடுத்தது, சொல்லும் இடம். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ‘அவள் யார் தெரியுமா?’ என்று வைத்துப் பக்கம் திருப்பினால் அவள் வாழ்க்கை உங்கள் திடுக்கிடும் திருப்பமாகிவிடும். ‘பேட்கேர்ள்’ 37-ஆம் இதழில் (2014) இதுதான் சறுக்கியது: பேட்கேர்ள் வேடத்தில் வந்த ஆளின் வேடத்தைக் கலைத்து, நாயகியை அதிர்ச்சியில் ‘ஆனால் நீ ஒரு…’ என்று திணற வைத்தார்கள். அலீசியா இருந்த அதே வரிசையில்! படைப்பாளிகள் மன்னிப்புக் கேட்டார்கள். தொகுப்பு நூலில் அந்த இடம் திருத்தப்பட்டது. நீங்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் பக்கத்தின் நடுவில், பேசுபவளும் கேட்பவளும் ஒரே கட்டத்தில் தெரியும்படி வையுங்கள். பலூனில் பன்னிரண்டு சொல்லுக்குமேல் வேண்டாம். ‘நான் திருநங்கை’ என்பது இரண்டே சொல். கண்ணாடி முன் சவுரி கழற்றும் காட்சி வேண்டவே வேண்டாம்; எல்லோரும் வரைந்து தேய்ந்துபோனது.

மீதி ஐந்து பக்கத்துக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், வாடகைத் தகராறோ துப்பறிதலோ.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? (புதுச்சேரி)

பதில்: ‘டூம் பட்ரோல்’ 70. பிறகு ‘சாண்ட்மேன்’ ஐந்தாம் தொகுப்பு. புதியவர்களில் நியா நால் என்ற ட்ரீமர். தொலைக்காட்சித் தொடரில் பிறந்து, அதில் நடித்த நிக்கோல் மெயின்ஸே எழுத 2021-இல் காமிக்ஸுக்குள் வந்தவள். ‘ஹோரோ முசுகோ’ ஆங்கிலத்தில் எட்டாவது தொகுதியோடு நின்றுவிட்டது, முழுசாக இருக்கிறதென்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.