'கலங்கரை விளக்கம்' கார்டின் விலையைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: கடல் வணிகத்தை வைத்து இருவர் ஆடும் போர்டு கேம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து செய்து, இணையத்தில் ரேட்டிங் போட்டியாக நடத்துகிறோம். பொதுக் கட்டில் 60 கார்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. தொடக்கத்தில் ஆளுக்கு 5 கார்டு. 10 சுற்றில் ஆட்டம் முடியும். 2 காசு கொடுத்துக் கட்டிலிருந்து ஒரு கார்டு எடுக்கலாம். 'கலங்கரை விளக்கம்' என்ற கார்டின் விலை 3 காசு. அதை இறக்கிவிட்டால், நம் கப்பல் கரைசேரும்போதெல்லாம் 1 காசும் ஒரு கார்டும் கிடைக்கும். அதே 3 காசு விலையுள்ள 'கிடங்கு' சுற்றுக்கு 1 காசு தருகிறது. அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. இதுவரை நடந்த 900 ஆட்டங்களில் கலங்கரை விளக்கத்தை இறக்கியவர்கள் 61 சதவீதம் ஜெயித்திருக்கிறார்கள். தடை செய்யச் சொல்லி ஆடுபவர்கள் கேட்கிறார்கள். விலையை 5 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் கார்டின் கோளாறு விலையில் இல்லை, 'போதெல்லாம்' என்ற சொல்லில் இருக்கிறது. தடையும் தேவையில்லை. ஆனால் கார்டில் கைவைக்கும் முன் அந்த 61-ஐ உரசிப் பார்த்துவிட வேண்டும்.

இறக்கியவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கார்டும் உள்ளதைவிடப் பலமாகத் தெரியும். தோற்றுக்கொண்டிருப்பவரிடம் காசு இருக்காது, கார்டு கையிலேயே தங்கிவிடும். அந்தத் தோல்வி கணக்கில் வராது. முன்னணியில் இருப்பவர் தாராளமாக இறக்குவார், அந்த வெற்றி கார்டின் பேரில் ஏறும். விலை கூடிய கார்டுகளில் இந்தத் திரிபு இன்னும் மோசம். ஆகவே, கார்டு தொடக்கக் கையில் வந்தவர், இறக்கினாரோ இல்லையோ, எத்தனை சதவீதம் ஜெயித்தார் என்று எண்ணுங்கள். தொடக்கக் கை குருட்டு அதிர்ஷ்டத்தில் வருவது. அதனால் அங்கே கிடைக்கும் எண்தான் கார்டின் சொந்தப் பலம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 60 கார்டில் 10 கார்டுதான் தொடக்கக் கைகளுக்குப் போகிறது. எனவே 900 ஆட்டத்தில் ஏறக்குறைய 150 ஆட்டத்தில்தான் கலங்கரை விளக்கம் யாராவது ஒருவர் கையில் முதலிலேயே இருந்திருக்கும். 100-ஐ ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், வெற்றிச் சதவீதம் தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்பது தோராயமாகக் கிடைக்கும். 900 ஆட்டத்துக்கு அது 3.3 புள்ளி, 150 ஆட்டத்துக்கு 8.2 புள்ளி. தொடக்கக் கையிலும் 61 என்றே வந்தாலும், உண்மை 53-ஆகவும் இருக்கலாம், 69-ஆகவும் இருக்கலாம். 53 என்றால் விட்டுவிடலாம். 69 என்றால் அன்றைக்கே திருத்த வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த அளவுகோல், குறையே இல்லாத கார்டையும் 20-ல் ஒரு தடவை சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். 60 கார்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் சும்மாவே மூன்று கார்டு அளவுக்கு மீறிப் பலமாகவோ பலவீனமாகவோ தெரியும். அதனால் பதிவுகளைத் தேதிவாரியாக இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியில் சந்தேகப்படுங்கள், இரண்டாம் பாதியில் அந்தச் சந்தேகக் கார்டுகளை மட்டும் சோதியுங்கள். இரண்டிலும் தேறும் கார்டு உண்மையில் பலமான கார்டு.

ரேட்டிங்கையும் கழிக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளியால் அளக்கும் ஈலோ முறையில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 64, 200 புள்ளி என்றால் 76 ஜெயிப்பார் என்பது கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்த எதிர்பார்ப்பை எழுதிக் கூட்டுங்கள். ஒரு பேச்சுக்கு, 150 ஆட்டத்தில் எதிர்பார்ப்பு 78, நடந்தது 92 என்றால், கார்டு தந்தது 14 வெற்றி, அதாவது 9 புள்ளி. உங்களுடைய ஆட்டத்தில் கை தானாக வருவதால் இந்தத் திருத்தம் சிறியதாகவே இருக்கும். கார்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் ஆட்டமென்றால் இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அங்கே நல்ல ஆட்டக்காரர்கள் நல்ல கார்டை எடுப்பார்கள். ஜெயித்தது கார்டா, ஆளா என்று பிரித்தறிய முடியாது.

இன்னும் ஆயிரம் ஆட்டத்துக்குக் காத்திருக்க முடியாது என்றால், ஒரே சீட்டுப் பகிர்வைப் பல ஜோடிகளுக்குக் கொடுத்து ஒப்பிடும் டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுபவர்களின் வழியைப் பின்பற்றலாம். கட்டு எந்த வரிசையில் கலைய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எண்ணை நீங்களே நிர்ணயித்து, கலங்கரை விளக்கம் முதல் ஆட்டக்காரரின் தொடக்கக் கையில் விழும்படி செய்யுங்கள். அதே கட்டை வேறொரு ஜோடிக்குக் கொடுங்கள். அங்கே அந்த இடத்தில் மட்டும் கிடங்கு இருக்கட்டும். ஒரே ஜோடியை இரண்டு தடவை ஆடவிட்டால் அடுத்து எந்தக் கார்டு வரும் என்பது தெரிந்துவிடும். ரேட்டிங் சேராத ஆட்டமாக இதை வையுங்கள். மற்ற அதிர்ஷ்டமெல்லாம் இரு பக்கமும் சமமாகிவிடுவதால், குறைந்த ஆட்டத்திலேயே தெளிவு பிறக்கும்.

இனி விலைக்கு வருவோம். ஒரு கார்டு பெறுமா பெறாதா என்று பார்க்க ஆட்டத்துக்குள்ளேயே ஒரு தராசு வேண்டும். 2016-இல் வந்த 'டெராஃபார்மிங் மார்ஸ்' என்ற போர்டு கேம் இதற்கு நல்ல பாடம். கார்டே இல்லாமல் யாரும் செய்யக்கூடிய வேலைகளுக்கு அதில் நிலையான விலை இருக்கிறது: மின் உற்பத்தி ஒரு படி 11, வெப்பநிலை ஒரு படி 14, கடல் 18, பசுமை 23, நகரம் 25. 'ஆஸ்டராய்டு' கார்டுக்கு எடுப்புக்கூலி 3, இறக்க 14, ஆக 17. அதற்கு வெப்பநிலை ஒரு படி, 2 டைட்டானியம், எதிராளியின் செடியில் மூன்று வரை அழிக்கும் உரிமை. எது எவ்வளவு பெறும் என்று சொல்ல, வெப்பநிலை ஒரு படிக்கான அந்த 14 என்ற நிலையான விலையே போதும். உங்கள் ஆட்டத்தில் '2 காசுக்கு ஒரு கார்டு' என்பது அதே தராசு.

நிறுத்துப் பாருங்கள். கப்பல் ஒருமுறை கரைசேர்ந்தால் 1 காசும் 2 காசு பெறும் ஒரு கார்டும்: மொத்தம் 3. சுற்றுக்கு 2 கப்பல் கரைசேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான சராசரியை உங்கள் பதிவிலிருந்து எடுத்துப் போடுங்கள். இரண்டாம் சுற்றில் இறக்கினால் மீதி 8 சுற்று. 8 × 2 × 3 = 48 காசு. கிடங்கு அதே நேரத்தில் தருவது 8. இரண்டும் ஒரே விலை! இப்போது விலையை 5 ஆக்குங்கள். காசு சேர ஒரு சுற்று தாமதமானால் 6 காசு போகும், வருமானம் 42. விலை போக 37 கையில் நிற்கிறது, முன்பு 45. கிடங்குக்கு விலை போக நிற்பது வெறும் 5. புண் ஆறவில்லை.

இதில் அளவுக்கு மேல் ஓடுவது எண்ணிக்கை. கப்பல் கூடக் கூட வருமானமும் கூடுகிறது, எடுத்த கார்டு இன்னொரு கப்பலைக் கொண்டுவருகிறது, அது மறுபடி கார்டு தருகிறது. இப்படித் தன்னையே ஊட்டி வளர்க்கும் கார்டுக்கு விலையால் கடிவாளம் போட முடியாது. முதலில் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள்: 'ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் முதல் கப்பல் கரைசேரும்போது ஒரு கார்டு எடுக்கவும்.' காசு போகட்டும், கார்டு இருக்கட்டும். காசையும் கொடுத்தால் கிடங்கின் வேலையும் சேர்ந்துவிடும். கார்டை எடுத்துவிட்டால் இது இன்னொரு கிடங்காகிவிடும். இப்போது மதிப்பு 8 × 2 = 16. அதுவும் கப்பல் வேண்டும், எடுத்த கார்டை இறக்கக் காசு வேண்டும். விலையை 4 ஆக்குங்கள். மிச்சம் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டியிருந்தால் பிறகு 5. வருமானம் 48 ஆக இருந்தபோது 2 காசு என்பது 24-ல் ஒரு பங்கு. 16 ஆனபின் 8-ல் ஒரு பங்கு. விலை என்ற திருகு அப்போதுதான் பிடிக்கும்.

'சுற்றுக்கு ஒரு முறை' என்று எழுதும்போது, எதற்கு ஒரு முறை என்பதைக் கவனியுங்கள். 'ஒவ்வொரு கப்பலுக்கும் சுற்றுக்கு ஒரு முறை' என்று எழுதினால் வரம்பே இல்லை. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு ஆட்டத்தில் 2024 ஜூனில் வந்த 'நாடு, விங்டு விஸ்டம்' கார்டில் நடந்தது இதுதான். ஒரு டர்னுக்கு இரண்டு தடவைதான் பலன் என்ற வரம்பு அதில் இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு உயிரினக் கார்டுக்கும் தனித்தனியாகப் பொருந்தியது. உயிரினம் பெருகப் பெருக வரம்பும் பெருகியது. கடைசி நேரத்தில் மாற்றி எழுதப்பட்டு, சோதனை ஆட்டம் இல்லாமலேயே அச்சுக்குப் போன கார்டு அது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்த ஆட்டத்தின் போட்டி வகைகளில் ஒன்றான மாடர்ன் வடிவத்தில் தடை செய்யப்பட்டது.

குறைப்பது போலத் தெரியும் எண்ணும் ஏமாற்றும். அதே ஆட்டத்தின் 'ஸ்கல்கிளாம்ப்' 2004 பிப்ரவரியில் வந்தது. அணிந்த உயிரினத்தின் தாக்கும் பலம் ஒன்று கூடும், தாங்கும் பலம் ஒன்று குறையும். அது செத்தால் இரண்டு கார்டு. அந்தக் குறைவு தண்டனை போலத் தெரிகிறது. ஆனால் தாங்கும் பலம் 1 உள்ள உயிரினம் மாட்டியவுடனே செத்துவிடும், உடனே இரண்டு கார்டு கைக்கு வரும். தண்டனையே லாபமாகிப்போய், அந்த ஜூனிலேயே தடை வந்தது. நீங்கள் மாற்றப்போகும் எண் மற்ற 59 கார்டோடு சேரும்போது என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

நல்ல திருத்தத்துக்கு 'ஹார்த்ஸ்டோன்' என்ற கணினிக் கார்டு ஆட்டத்தில் செய்ததைச் சொல்லலாம். 'அண்டர்டேக்கர்' கார்டு ஒரு குறிப்பிட்ட வகைத் துணை இறங்கும்போதெல்லாம் தாக்குதலிலும் ஆயுளிலும் ஒவ்வொன்று வளர்ந்தது. 2015 ஜனவரியில் ஆயுள் வளர்வதை மட்டும் எடுத்தார்கள். கார்டின் குணம் அப்படியே நின்றது. எதிராளியால் அதை அடித்து வீழ்த்த முடிந்தது.

தடையைப் பற்றி ஒரு வார்த்தை. பலமான கார்டு எல்லாமே குற்றமில்லை. 2008-இல் வந்த 'டொமினியன்' ஆட்டத்தின் 'சேப்பல்' வெறும் 2 காசு. கையிலிருந்து வேண்டாத கார்டுகளை நான்கு வரை நிரந்தரமாகக் கழிக்கலாம். மிகப் பலமான கார்டு, ஆனால் பொதுக் குவியலில் இருப்பதால் இருவருமே வாங்கலாம். உங்கள் கார்டு ஒரே பிரதி, வந்தவருக்கு மட்டும் சொந்தம். வலி அங்கேதான். மேலே சொன்ன திருத்தமும் போதவில்லை என்றால், தடைக்கு முன் அதைத் தொடக்கக் கையில் வராதபடி முதல் பகிர்வு முடிந்தபின் கட்டில் கலந்துவிடுங்கள்.

வெளியிடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டப் பதிவிலும் விதிப் பதிப்பு எண்ணைச் சேமியுங்கள். இல்லாவிட்டால் பழைய கார்டும் புதிய கார்டும் ஒரே கணக்கில் கலந்து, அடுத்த மாதம் எதுவும் புரியாது. நாள்கணக்கில் நடக்கும் ஆட்டங்கள் தொடங்கிய பதிப்பிலேயே முடியட்டும். போட்டித் தொடரின் நடுவில் மாற்றாதீர்கள், ஒரு வாரம் முன்னதாக அறிவியுங்கள். ஒரே நேரத்தில் இந்த ஒரு கார்டை மட்டும் மாற்றுங்கள். கூடவே கிடங்கையும் உயர்த்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எப்போது திருப்பிப் போடுவது என்பதையும் மாற்றும் அன்றே எழுதி வையுங்கள். தொடக்கக் கையில் கலங்கரை விளக்கம் வந்த 400 ஆட்டம் சேரட்டும், தற்செயலான ஏற்ற இறக்கம் 5 புள்ளிக்குள் அடங்கும். 55-க்கு மேல் நின்றால் விலை 5. 45-க்குக் கீழே போனால் விலை மீண்டும் 3, வரம்பு அப்படியே.