அலமாரியில் பூட்டிவைத்தால் போதுமா?

கேள்வி: அப்பா எடுத்த புகைப்படங்களும் பாட்டி பேசிய ஒலிப்பதிவுகளுமாக 600 ஜிபி சேர்ந்திருக்கிறது. சில பழைய சிடிக்களிலும் உள்ளன. எல்லாவற்றையும் நல்ல எஸ்எஸ்டி ஒன்றில் ஏற்றிப் பூட்டிவைத்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்குமா?

பதில்: இருக்காது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகைச் சேமிப்புக் கருவி, தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கிறது. மின்சாரம் காட்டாமல் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் வீட்டு உபயோகத்துக்கான தரவிதி. புதியது கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதை நம்பிப் பூட்டிவைக்க முடியாது. பென்டிரைவும் மெமரி கார்டும் இதே சாதிதான்.

சிடிக்களை இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள். சிடியில் தகவல் அடுக்கு இருப்பது பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றுக் கீழே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிய சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீறல் ஆழமாக இருந்தால் அதன் வழியே ஒளி தெரியும். அந்த இடத்துத் தகவல் போனது போனதுதான்.

இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், வெவ்வேறு நிறுவனத் தயாரிப்பாக. இரண்டிலும் முழு நகல் வேண்டும். ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். தீயும் வெள்ளமும் ஒரே வீட்டில் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஏற்றும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, கணக்கிட்டுப் பட்டியலாகச் சேமியுங்கள். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆண்டுக்கொரு முறை இரண்டு டிஸ்க்கையும் ஓடவிட்டு எண்களை ஒப்பிடுங்கள். கெட்ட கோப்பை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோப்புறை திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பது சோதனையே அல்ல. ஐந்தாண்டு ஆனதும், நன்றாக ஓடினாலும், புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

பாட்டியின் குரலுக்கு மட்டும் மூன்றாவது நகலாக எம்-டிஸ்க் எழுதலாம். இது நெடுநாள் தாங்குவதற்கென்றே செய்த டிவிடி அல்லது ப்ளூ-ரே வட்டு. சிடியில் உள்ள கரிமச் சாயம் இதில் இல்லை என்பதால் ஒளிக்கும் வெப்பத்துக்கும் எளிதில் மங்காது. எழுதும் கருவி ஒன்றையும் கூடவே வாங்கி வையுங்கள். எழுதக்கூடிய ப்ளூ-ரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, கருவிகளும் அரிதாகிவருகின்றன. நிறுவனங்கள் தகவலைச் சேமிக்கப் பயன்படுத்தும் எல்டிஓ என்ற காந்த நாடா நல்லதுதான், ஆனால் அதன் கருவியின் விலை வீட்டுக்கு ஒத்துவராது.

இன்னொன்று. ஒவ்வொரு பதிவிலும் யார் பேசுகிறார், எந்த ஆண்டு, எதைப் பற்றி என்று சாதாரண உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். உங்களுக்குத் தெரியாததை, தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.